பழசைக் கிளப்ப அஞ்சு வேலை

— இல்லண்ணா, நீ புதுக் காரை எடுத்துட்டுப் போ. பழசு இங்கேயே நிக்கட்டும்.

— உனக்கென்ன கிறுக்கா? அப்பாவுக்கு எழுபத்திரெண்டு. பழசுல சீட் பெல்ட்டே கிடையாது. பிரேக்கை மிதிச்சா யோசிச்சுட்டுத்தான் நிக்கும். புதுசு, எதிர்ல ஆள் வந்தா தானா நிக்குது. கோடு தாண்டினா கத்துது.

— கத்தி என்ன பிரயோஜனம்? போன வாரம் ஒன்வேல எதிர்ப்பக்கமாப் போயிருக்கார். போலீஸ்காரர் உன்னைத்தானே கூப்பிட்டார்?

— அது புது ரோடு. எனக்கே குழம்பும்.

— முப்பது வருஷம் லைசென்ஸ் டெஸ்ட் எடுத்த ஆபீசர்ண்ணா. இண்டிகேட்டர் போடலைன்னு பெத்த பிள்ளையையே ரெண்டு தடவை ஃபெயில் பண்ணின மனுஷன்.

— ஒரு தடவைதான்.

— ரெண்டு. நான் பின்சீட்ல உக்காந்திருந்தேன்.

— சரி விடு. பேசாம ரெண்டு வண்டியையும் எடுத்துட்டுப் போயிடறேன்.

— வேண்டாம். அப்புறம் அவர் நடைப்பொணம்தான். இரு, நான் சொல்றதைக் கேளு. பழசைக் கிளப்ப அஞ்சு வேலை. பானெட்டைத் தூக்கி பெட்ரோல் குழாயைத் திறக்கணும். சோக்கை இழுக்கணும். ஆக்ஸிலேட்டர் ரெண்டு மிதி. சாவி. கடைசியா ஸ்டார்ட்டர்.

— தெரியும் தாயே. வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வெச்சாரே. ஒண்ணை விட்டா, "இறங்கு, அடுத்த ஆள்"ம்பார்.

— அதேதான். ஞாபகம் தெளிவா இருக்கிற அன்னிக்குக் கிளம்பும், போயிட்டு வரட்டும். இல்லாத அன்னிக்கு அதுவே அவரை வீட்ல உக்கார வெச்சிடும். புதுசுல ஒரே பட்டன். தூக்கத்துல அமுக்கினாலும் கிளம்பிடும். போய் யார்மேலயாவது ஏத்தினா?

— சும்மா சொல்லக் கூடாது, நல்லா யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கே. ஆனா அந்த மஞ்சள் வண்டியை அவ்வளவு அவசரமா வாங்கினாரே. ரெண்டே கதவு, தரையோட தரையா சீட், ஏறினா இறங்க ஆள் வேணும். இந்த வயசுல இது எதுக்குப்பான்னேன். உள்ளே உக்காந்தார், பட்டனை அமுக்கினார், "இதுவே போதும்"னுட்டார். வேற வண்டியைத் திரும்பிக்கூடப் பாக்கலை.

— வீம்புதான், வேறென்ன. நாப்பது வருஷமா ஒரே வண்டியான்னு பக்கத்து வீட்டுக்காரர் ஏதாவது சொல்லியிருப்பார்.

— மெதுவா பேசு. வர்றார்.

— என்ன, அண்ணனும் தங்கச்சியும் ஷெட்ல மாநாடு?

— ஒண்ணுமில்லப்பா. மஞ்சள் வண்டி கொஞ்ச நாள் அண்ணன்கிட்ட இருக்கட்டும். நீங்க உங்க பழசையே ஓட்டுங்களேன்.

— அது எங்கம்மா ஓடுது? பேட்டரி போயி மூணு மாசமாச்சு.

— பேட்டரியா? போன ஞாயித்துக்கிழமை நான்தானே சார்ஜ் போட்டு மாட்டினேன். நில்லுங்க. குழாய்... சோக்கு... ரெண்டு மிதி... சாவி... ம்.

— ஒரே இழுப்புல கிளம்பிடுச்சேண்ணா.

— நல்லாத்தான்பா இருக்கு. அணைச்சு, குழாயையும் மூடிட்டேன். இந்தாங்க சாவி. இப்ப நீங்க கிளப்புங்க.

— எதுக்குடா இப்ப?

— சும்மாதான்பா. உக்காருங்க.

— உக்காந்துட்டேன். ம்... சாவியைப் போட்டாச்சு.

— அப்பா, சாவி நாலாவது.

— தெரியும்மா. அதுக்கு முன்னாடி... இதை இழுக்கணும். இல்ல, மிதிக்கணும்.

— அதுக்கும் முன்னாடிப்பா. பானெட்டைத் தூக்கி...

— சொல்லித் தராதே. டெஸ்ட்ல சொல்லித் தரக் கூடாது.

— அப்பா...

— மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் காலையில இதே சீட்ல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். எது முதல்ல, எது அப்புறம்னு வரவே இல்லை. மறுநாள் போய்த்தான் அந்த மஞ்சளை வாங்கினேன். இந்தா, அதோட சாவியையும் பிடி. நான் இறங்கிக்கிறேன், அடுத்த ஆளைக் கூப்பிடு.