கல்லில் முட்டி நின்ற சக்கரம்

தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, லோரன்ஸ் அவர்களின் துணைவியார் பெற்றீசியா அவர்களே, வேலை முடிந்த கையோடு பொகவந்தலாவையிலிருந்தும் அட்டனிலிருந்தும் வந்திருக்கும் சாரதிகளே, தோட்டத்து மக்களே,

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். டயரின் மீது வைத்த கையை ஒரு மனிதர் அரை நிமிடம் எடுக்காமலே இருந்தால், அந்த அரை நிமிடத்தில் அவர் மனத்தில் என்ன நடந்திருக்கும்? எனக்குத் தெரியாது. ஒரு வருடமாக யோசிக்கிறேன், இன்னும் தெரியவில்லை.

எனக்கு முன்னால் பேசியவர்கள், மெக்கானிக் லோரன்ஸ் தவறே செய்யாதவர் என்றார்கள். இறந்தவரைப் பற்றி அப்படிச் சொல்வது வழக்கம். ஆனால் அவர் செய்த தவறொன்றை நான் நேரில் பார்த்தேன். அதைச் சொல்லாமல் அவரைப் போற்ற எனக்கு வராது. பெற்றீசியா அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு வருடங்களுக்கு முன், தோட்டத்து மருந்துச்சாலைச் சரிவில் நிறுத்தியிருந்த கார் ஒன்று தானாக உருண்டு தேயிலைக்குள் இறங்கியது. நல்லவேளை, ஒருவருக்கும் அடியில்லை. அதன் பின் லோரன்ஸ் ஒவ்வொரு சாரதியையும் பிடித்துச் சொன்னார்: “ஹேண்ட் பிரேக்கை நம்பாதீங்க. முன்சக்கரம் கல்லுல போய் முட்டுற வரைக்கும் உருட்டி நிறுத்துங்க.” ஆறு மாதத்தில் சரிவுகளிலெல்லாம் கல் நட்டாயிற்று. எங்கள் பாடசாலை வாசலிலும் ஒரு கல் நட்டோம். அதன் பிறகு ஒரு வண்டிகூட உருளவில்லை. எல்லோரும் அவரைப் பாராட்டினோம். நானும் பாராட்டினேன்.

சென்ற வருடம் ஆடி மாதம். தோட்டத்து டாக்டரின் காரை ஓட்டும் சின்னராசாவுக்கு, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடமிருந்து வேலைநீக்கக் கடிதம் வந்தது. சின்னராசா இங்கே உங்கள் நடுவேதான் இருக்கிறார். புதிதாகப் போட்ட முன் டயர்கள் நான்கு மாதத்தில் தேய்ந்துவிட்டன, வளைவுகளில் கண்மண் தெரியாமல் ஓட்டியிருக்கிறார் என்பது குற்றம். மாதக் கடைசியில் வேலையையும் விட வேண்டும், குடியிருக்கும் அறையையும் விட வேண்டும். அந்த அறையில் ஐந்து பேர் இருந்தார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை பிற்பகல். என் காரின் டயரைக் காட்ட லோரன்ஸின் கராஜுக்குப் போயிருந்தேன். சின்னராசாவும் காரோடு வந்திருந்தார்.

“அண்ணே, தொர சொல்றாரு, நான் வளைவுல பறக்குறேனாம். இந்த வண்டிக்கு றெக்கையா இருக்கு?”

லோரன்ஸ் சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டினார். வெளியிலிருந்து உள்ளே ஓட்டினால் ரம்பம் போல உறுத்தியது. உள்ளேயிருந்து வெளியே ஓட்டினால் வழுவழுப்பு. என் கையையும் பிடித்து வைத்துப் பார்க்கச் சொன்னார்.

“டீச்சரம்மா, வளைவுல வேகமா ஒடிக்கிறவன் டயரு வெளிப்பக்கந்தான் தேயும். இது உள்பக்கம் தேஞ்சிருக்கு. ரெண்டு சக்கரமும் முன்னால வெலகி நிக்குது. நேராப் போகாம தரையில இழுபட்டுக்கிட்டே போவுது.”

பிறகு என் காருக்கு வந்தார். அதே உள்பக்கம். கைக்கு அதே உறுத்தல்.

“நம்ம டீச்சரம்மாவும் பறக்குறாங்களோ?” என்றார் சின்னராசா. “இவங்க வண்டிக்குப் பின்னால வந்தா மாட்டு வண்டிக்காரன்கூட ஆரன் அடிப்பான்.”

இரண்டு கார்களை வைத்து ஒரு முடிவுக்கு வரக் கூடாது என்றேன். பௌதிகம் படித்தவள், அப்படித்தான் பேசுவேன். லோரன்ஸ் எழுந்து, எண்ணெய் மாற்றுவதற்காக அங்கே நின்ற பங்குத்தந்தையின் காரைத் தொட்டுப் பார்த்தார். டயர் சீராகத் தேய்ந்திருந்தது. அதே மலைப்பாதை, அதே வளைவுகள். வேறுபாடு ஒன்றுதான். அந்தக் கார் கோயில் முற்றத்துச் சமதரையில் நிற்பது. எங்கள் இரண்டு கார்களும் தினமும் கல்லில் போய் முட்டி நிற்பவை.

மீண்டும் டாக்டரின் கார் டயரில் கை வைத்தார். நான் சொன்ன அரை நிமிடம் அதுதான். பிறகு வண்டிக்கு அடியில் போய் வந்தார். இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பி, கல்லில் முட்டி முட்டி வளைந்திருந்தது.

“இது சின்னராசா செஞ்சதில்ல. நான் சொல்லிக் குடுத்தது.”

“அண்ணே, சும்மா இருங்க,” என்றார் சின்னராசா. அவர் குரல் மாறியிருந்தது. “இத வெளிய சொன்னா தோட்டத்து வண்டி ஒண்ணும் இந்தப் பக்கம் வராது. அப்புறம் நீங்க எதச் செஞ்சு பொழைப்பீங்க?”

நானும் ஒன்று சொன்னேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. கம்பி வளைந்திருந்தது என்று மட்டும் சொன்னால் போதுமே, ஏன் வளைந்தது என்று எதற்குச் சொல்ல வேண்டும் என்றேன்.

“தொர கேப்பாருல்ல டீச்சரம்மா. நான் பேசாம நின்னா, இவன்தான் எங்கயோ மோதிட்டான்னு எழுதிப்புடுவாரு.”

படித்தவள் நான். பாதி உண்மை யார் தலையில் விழும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது.

அதன் பின் அவர் செய்தது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் பஸ் ஏறித் தோட்டம் தோட்டமாகப் போனார். தான் சொன்னது பிழை என்று சொன்னார். கல் இருக்கட்டும், சக்கரம் அதில் முட்டக் கூடாது, ஒரு சாண் இடைவெளி விட்டுப் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள் என்றார். தான் சரியாகச் சொன்னதைப் பத்துப் பேரிடம் சொல்லும் மனிதர்களை நாம் பார்த்திருக்கிறோம். தான் பிழையாகச் சொன்னதை அத்தனை பேரிடமும் தேடிப் போய்த் திருத்தியவர் எத்தனை பேர்? நெஞ்சு நோயோடு கொத்மலை வரை போனவர் எத்தனை பேர்?

இரங்கல் கூட்டங்களில் எடுக்கும் உறுதிமொழிகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆகவே சிறியதாக ஒன்று சொல்கிறேன். அவர் போய்ச் சேர முடியாமல் போன தோட்டங்கள் பதினொன்று. பெயர்களைப் பெற்றீசியா அவர்களிடம் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறேன். சின்னராசாவும் நானும் வரும் ஞாயிறு கந்தப்பளையில் தொடங்குகிறோம். வர விரும்பும் சாரதிகள் வரலாம்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பலர் பலவிதமாகச் சொல்கிறீர்கள். நான் பார்த்தது இது.

வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடியிருந்த நேரம், லோரன்ஸ் வளைந்த கம்பியோடு தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்றார். துரை வெளியே வந்தார். லோரன்ஸ் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: “டயரு தேஞ்சது என் தப்புங்க, தொர. இவன் என் பேச்சக் கேட்டு வண்டிய நிறுத்துனான். வேற ஒண்ணும் செய்யல.” துரை கம்பியை வாங்கிப் பார்த்தார். பிறகு பெரிய கிளாக்கரைக் கூப்பிட்டு, சின்னராசாவின் கடிதத்தைத் திருப்பி வாங்கச் சொன்னார். அதே மூச்சில், இன்றிலிருந்து இந்தத் தோட்டத்து வண்டி எதுவும் லோரன்ஸின் கராஜுக்குப் போகக் கூடாது என்றார். லோரன்ஸ், “சரிங்க தொர” என்றார்.

சின்னராசா அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்தார். லோரன்ஸின் பார்வையோ ஆபீஸ் சரிவில் நின்ற லொறியின் மேல் இருந்தது. அதன் முன்சக்கரம் கல்லில் முட்டிக்கொண்டிருந்தது. கையை விடுவித்துக்கொண்டு அதன் சாரதியைத் தேடிப் போனார்.

“தம்பி, ஒரு சாண் பின்னால எடு. நான் சொன்னது தப்பு.”