சிரிப்பு அடங்கும் வரை

உங்கள் சமையற்காரர் காப்பியில் சிக்கரியைக் கொஞ்சம் தாராளமாகவே போடுகிறார், சாமி. எனக்கு அது பிடிக்கும். தந்தி ஆபீசில் முப்பத்தொரு வருஷம் நான் குடித்த காப்பியை ஊற்றிக் கூவத்தையே ரொப்பியிருக்கலாம். அதற்கு இது தேவாமிர்தம்.

கிளாடிஸைப் பற்றிக் கேட்டீர்கள். கன்னியர் பள்ளியில் டீச்சர் வேலைக்கு உங்கள் நற்சான்றுக் கடிதம் கேட்டு வந்தவள், "நாலு வருசத்துக்கு முந்தி என் சிநேகிதிய நானே அடிச்சுக் கொன்னுட்டேன், சாமி" என்று சொல்லிவிட்டாளாம். நீங்கள் பங்குக் கோயிலுக்குப் புதியவர். அன்றைக்கு மேடையோரம் நின்றவன் இந்தப் பவுல்சாமி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொல்கிறேன். மண்டியிட்டுச் செய்கிற பாவசங்கீர்த்தனமாக அல்ல, சும்மா காப்பி குடித்துக்கொண்டே.

1933, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பிற்பகல் மூன்று மணி. நம் பங்குப் பெண்கள் சபையின் நாடகம், 'ஒரு சுவர், இரண்டு வீடு'. எழுதியவன் நான். அடுத்தடுத்த வீட்டுச் சிநேகிதிகள் ஒரு கோழிக்காகச் சண்டை போட்டு, ஆறு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடைசியில் கட்டிக்கொண்டு அழுவார்கள். கூடம் சிரித்த சிரிப்பில் கோயில் மணி தானாக அடித்தது, பட்டினப்பாக்கத்து மீன்கள் கரையேறி வந்து டிக்கெட் கேட்டன. பாதியைத் தள்ளிவிட்டுக் கேளுங்கள். மணி அடித்தது நிஜம்.

அப்போதிருந்த சாமி ஒரு நிபந்தனை போட்டிருந்தார். நடிப்பதும் பெண்கள், பார்ப்பதும் பெண்கள். ஆண் வாடையே கூடாது. எனக்கு மட்டும் விலக்கு: அறுபது தாண்டியவன், பெண்டாட்டியை இழந்தவன், ஆபத்தில்லாத பிராணி. ஆகவே ஓரத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பதும் நான்தான், திரைக்கயிற்றைப் பிடித்திருப்பதும் நான்தான்.

சிநேகிதிகளாக நடித்தவர்கள் ஃப்ளோரன்ஸும் கிளாடிஸும். நிஜத்திலும் அப்படித்தான். ஒரே குடையில் டிராம் ஏறுவார்கள். ஒருத்தி தொடங்கின பேச்சை மற்றவள் முடிப்பாள். ஃப்ளோரன்ஸுக்கு எல்லார் வசனமும் மனப்பாடம். கிளாடிஸுக்கோ மேடை ஏறினால் தன் பெயரே மறந்துபோகும். நான்கு மாத ஒத்திகையில் அவளை ஒன்றே ஒன்றுக்குத்தான் பழக்கினேன். யோசிக்காதே அம்மா, என் குரல் என்ன சொல்கிறதோ அதைச் சொல், அதைச் செய். தும்மு என்றால் தும்முவாள். அழு என்றால் கண்ணீர் கொட்டும். அப்படி ஒரு பிள்ளை.

இடைவேளையில் ஃப்ளோரன்ஸ் எனக்கு சோடா கொண்டுவந்து கொடுத்தாள். மரியாதையான பெண்.

"மாமா, கோச்சிக்காதீங்க. உங்க நாடகத்துப் பொம்பளைங்க எங்கள மாதிரி பேசவே மாட்டேங்கிறாங்க. அடுத்த வருசத்துக்கு நானும் கிளாடிஸும் ஒண்ணு எழுதிக்கினு கீறோம். நீங்க இன்னாத்துக்கு இந்த வயசுல கால் கடுக்க நிக்கணும்? வூட்ல ரெஸ்ட் எடுங்க."

நான் சிரித்தேன். எனக்கு வருத்தமே இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் காட்சி இப்படி: கிளாடிஸ் வீட்டு அதிரசத்தை ஃப்ளோரன்ஸ் திருட்டுத்தனமாகத் தின்பாள். தொண்டையில் அடைக்கும். கிளாடிஸ் ஓடிவந்து முதுகில் அடித்துக்கொண்டே, "என் வூட்டு அதிரசம் இனிக்குதாடி? கோழி மட்டும் கசந்துச்சா?" என்று கேட்பாள். அதிரசம் நிஜமாக இருக்க வேண்டும் என்று சொன்னவன் நான். அட்டைப் பலகாரத்துக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

சிரிப்பில் கூடம் இடிந்து விழுந்தது. மீன்கார தேசம்மா பெஞ்சுமேல் ஏறி நின்றாள். "ஒன்ஸ்மோர்! யம்மா, இன்னொரு தபா துன்னும்மே!"

ஒன்ஸ்மோர் கேட்டால் மறுபடி நடிப்பதுதான் நம் ஊர் வழக்கம். நடித்தார்கள். தேசம்மா மறுபடியும் கேட்டாள். மூன்றாம் தடவை ஃப்ளோரன்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது, வாய் நிறைய அதிரசத்தோடு.

அவள் என் பக்கம் கையை நீட்டினாள். கிளாடிஸ் திரும்பினாள். "மாமா, திரை. திரையப் போடுங்க மாமா. நெஜமாவே அடச்சிக்கிச்சு."

கூடம் இன்னும் பலமாகச் சிரித்தது. தேசம்மா, "அந்த மாமாவையும் மேடைக்கு இஸ்துக்கினு வா" என்றாள்.

அந்த வசனத்தை நான் எழுதவில்லை, சாமி. அது நாடகத்தில் இல்லாத வசனம் என்று அங்கே மூன்றே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தியால் பேச முடியவில்லை.

கயிறு என் கையில் இருந்தது. நான் மெதுவாக எடுத்துக் கொடுத்தேன். "அடி. கோழி மட்டும் கசந்துச்சா என்று கேள்."

கிளாடிஸ் என்னைப் பார்த்தாள். மறுபடி சொன்னேன். ஒத்திகையில் வருமே, அந்த வெறும் முகம் வந்தது. திரும்பினாள், அடித்தாள், கேட்டாள். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் செய்துகொண்டே இருந்தாள். என் எழுத்துக்கு அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அதை நடுவில் வெட்ட யாருக்கு மனம் வரும்? சிரிப்பு தானாக அடங்கிய பிறகு திரையை இறக்கினேன். ஃப்ளோரன்ஸின் கை அதற்கு வெகுநேரம் முன்பே கீழே விழுந்துவிட்டது. வெளியே வேப்பமரத்தடியில், பெண்டாட்டியை அழைத்துப்போக வந்த டாக்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முப்பது தப்படி தூரம். ஆண்பிள்ளை என்பதால் உள்ளே விடவில்லை.

அதன்பிறகு எனக்கு ஒரு சின்னத் தொந்தரவு. யாராவது சிரித்தால், அந்தச் சிரிப்புக்கு அடியில் வறட்சியாக ஒரு சத்தம் கேட்கிறது, துணியைக் கிழிக்கிற மாதிரி. டிராமில், கல்யாண வீட்டில், எங்கேயும். அது நிற்கும்வரை நகர முடிவதில்லை. நானே சிரித்தாலும் கேட்கிறது. ஆனாலும் சிரிக்காமல் இருக்க முடிகிறதா?

கிளாடிஸ் ஞாயிறுதோறும் பூசை முடிந்து என் வீட்டுக்கு வருவாள். சோறு வைப்பாள், வேட்டி துவைப்பாள், பிறகு கேட்பாள். "மாமா, அப்போ நீங்க ஓரத்திலேர்ந்து ஏதோ சொன்னீங்களே. இன்னா சொன்னீங்க? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

"நிறுத்து என்றேன், அம்மா. உன் காதில் விழவில்லை" என்பேன். நாலு வருஷமாக அதே பதில்தான். ஆறுதலாகத்தான் சொல்வேன். தலையைத் தடவிக் கொடுப்பேன்.

எழுதிக்கொள்ளுங்கள், சாமி. ஃப்ளோரன்ஸ் சாகிறாள் என்று தெரிந்தே திரையைப் போடாமல் நின்றவன் நான். அடிக்கச் சொன்னவனும் நான். கிளாடிஸுக்குக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்; தங்கமான பெண். இதை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம். பாவம், தாங்க மாட்டாள். என்னை வந்து பார்க்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவளால் இருக்க முடியாது.