ரெட்டையில நல்லா இருக்குறவ

அனு: …நம்ம டப்பாவ ஐஸ் பொட்டியில வெச்சி எடுத்துக்கினு போறாருடி அந்த ஆராய்ச்சி ஆளு. ஏதோ கோயில் பிரசாதம் மாதிரி.

தேவி: மலத்தப் போயி பிரசாதத்தோட சேத்துப் பேசுறியே. காமாட்சி கண்ணக் குத்திடுவா.

அனு: …கண்ணப் பத்தி ஏன்டி பேசுற?

தேவி: தமாஷுக்குச் சொன்னேன். ஏன் மொகம் இப்படிப் போவுது?

அனு: ஒண்ணும் இல்ல. இந்த ஸ்கேன் சென்டர்ல ஏசிய ஏன் இவ்ளோ வெச்சிருக்காங்க? உன் கால நீட்டிக்க. மரத்துப் போச்சா?

தேவி: அது எப்பவும் மரத்துதான் இருக்குது. கம்பு கீழ விழாம புடிச்சிக்க, அது போதும்.

அனு: நெஜமாவே எலிக்குக் குடுப்பாங்களா, நம்ம… அத?

தேவி: நம்மளோடத இன்னா பண்ணுவாங்கனு தெரியாது. முன்னாடி வெளிநாட்டுல நம்மள மாதிரி ரெட்டைப் பொறப்புங்க கிட்ட வாங்கி எலிக்குக் குடுத்துப் பாத்தாங்களாம். நோவு இருக்குறவங்க குடல்ல இருந்த பாக்டீரியா உள்ள போன எலிங்களுக்குத்தான் நரம்பு நோவு அதிகமா வந்துச்சாம்.

அனு: பாவம் எலி.

தேவி: நான் பாவம் இல்லயா?

அனு: எலியாச்சும் வாய மூடிக்கினு படுத்திருக்கும்.

தேவி: இப்பதான் சிரிக்கிற. காலையிலேருந்து எழவு வீட்டுக்கு வந்தவ மாதிரி ஒக்காந்துக்கினு இருக்குற.

அனு: அப்போ உனக்கு இந்த எம்.எஸ். நரம்பு நோவு வந்ததுக்குக் குடல்தான் காரணமா?

தேவி: அதுதான்னு யாரும் இன்னும் அடிச்சிச் சொல்லல. அதுக்கும் ஒரு பங்கு இருக்குதுனு நெனைக்கிறாங்க. ஒடம்புல காவல் காக்குற எதிர்ப்பு சக்தி ஒண்ணு இருக்குதுல்ல, அதுக்கு வயித்துல இருக்குற கிருமி எதுவோ தப்பாக் கத்துக் குடுத்துடுதாம். அது நம்ம நரம்பயே திருடன்னு நெனச்சி அடிக்குது. மேல இருக்குற ஒறைய உரிச்சிடுது.

அனு: ஜரிகையில மேல் பூச்சு போயி உள்ள நூலு தெரியுமே, அந்த மாதிரி.

தேவி: புடவைக் கடைக்காரிக்கு எல்லாமே புடவைதான்.

அனு: ஒரே வயித்துல பொறந்தோம். ஒரே தட்டுல தின்னோம். உனக்கு மட்டும் ஏன்டி வரணும்?

தேவி: அதத்தான தேடுறாங்க. ஒடம்பு ஒண்ணுதான். ஒருத்திக்கு வந்துச்சு, ஒருத்திக்கு வரல. நான் ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனி ஹாஸ்டல்ல புரோட்டாவும் காய்ச்சல் மாத்திரையுமா கெடந்தேன். நீ மாகறல்லயே மோரும் கூழுமா இருந்த. காரணம் அங்க எங்கயோ இருக்கலாம், இல்லாமலும் போவலாம்.

அனு: அதுக்குத்தான் பழைய சோறு தின்னுனு சொல்றேன். கேக்குறியா?

தேவி: பழைய சோறு தின்னுனு சொன்னா தின்னுவேன். ஊசிய நிறுத்திட்டுப் பழைய சோறு தின்னா சரியாயிடும்னு எவனோ பேசுன வீடியோவ அனுப்புனியே…

அனு: நிறுத்துனு நான் சொல்லல. சும்மா அனுப்புனேன்.

தேவி: நாலு வீடியோ அனுப்புன. நீயும் காலையில அதான் தின்னுறியாமே. கமல் மாமா சொன்னாரு. இட்லிய ஒதுக்கி வெச்சிட்டு, பயந்து பயந்து தின்னுறாளாம் என் பொண்டாட்டினு.

அனு: அவருக்கு வேற வேல இல்ல.

தேவி: நல்லா இருக்குறவளுக்கு எதுக்கு மருந்துச் சோறு?

அனு: …டப்பாதான் குடுத்தாச்சே. இந்த ஸ்கேன் எதுக்கு?

தேவி: ஆராய்ச்சிக்கு வேணும். உன் மூளை சுத்தமா இருக்குதுனு படம் புடிச்சி வெச்சிக்குவாங்க. அவங்களுக்கு நான் முக்கியம் இல்ல. நான் மட்டும் போனா, நோவு இருக்குற ஆயிரம் பேருல நானும் ஒருத்தி. பக்கத்துல நல்லா இருக்குற நீ நின்னாதான் ஒப்பிட்டுப் பாக்க முடியும்.

அனு: நல்லா இல்லாதவ குடுத்துட்டா?

தேவி: இன்னா?

அனு: இல்ல… தெரியாம ஒருத்தி அப்படிக் குடுத்துட்டா கணக்கு தப்பாயிடுமா?

தேவி: தப்பாயிடும். எதுக்குக் கேக்குற?

அனு: சும்மாதான். வீட்டுக்குப் போலாமா? இன்னொரு நாளு வரேன்.

தேவி: ஒக்காரு.

திரிஷா: அனுப்ரியா யாருங்க? … ஐயோ, ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கீங்க. யாரு படுக்கணும்?

தேவி: கம்பு இல்லாதவம்மா.

திரிஷா: நான் திரிஷா, இங்க டெக்னீஷியன். அக்கா, தாலி, கம்மல், மூக்குத்தி எல்லாத்தயும் கழட்டணும். உள்ள இரும்பு, தங்கம் எதுவும் கூடாது. ஒடம்புல கம்பி, பிளேட்டு வெச்சிருக்காங்களா?

அனு: இல்லம்மா.

திரிஷா: கை கால் மரத்துப் போறது, பார்வை மங்குறது எதுனா இருக்குதா?

அனு: …இல்ல.

திரிஷா: இல்லயா? அப்ப டாக்டர் எதுக்கு எழுதி…

தேவி: ஆராய்ச்சிக்கு வந்திருக்கோம்மா.

திரிஷா: ஆராய்ச்சியா? எனக்கு அப்படி யாரும் சொல்லலயே.

தேவி: நீ போயி மிஷின ரெடி பண்ணும்மா. இவளுக்கு மூக்குத்தி திருகு கழட்ட நேரம் ஆவும். நான் அனுப்பி வெக்கிறேன்.

திரிஷா: சரிக்கா. சீக்கிரம்.

தேவி: இங்க திரும்பு. மூஞ்ச ஆட்டாத… திருகு ஏன்டி இப்படி இறுகிக் கெடக்குது?

அனு: கழட்டியே வருஷமாச்சு.

தேவி: போன வாரம் மாகறல் கோயில்ல அர்ச்சனைக்கு யார் பேரு சொன்ன?

அனு: உன் பேருதான்.

தேவி: அய்யர் ரெண்டு பேரு சொன்னதா அம்மா சொல்லிச்சு.

அனு: ரெட்டைதானே, நட்சத்திரம் ஒண்ணு. கூடச் சேத்துச் சொன்னா இன்னா கொறஞ்சிடும்?

தேவி: இதுவரைக்கும் சேக்கலயே.

அனு: …தேவி.

தேவி: சொல்லு.

அனு: இந்தப் படத்த அவங்க உன்கிட்டக் காட்டுவாங்களா?

தேவி: காட்டுனா?

அனு: காட்ட வேணாம்னு சொல்லு. அந்த டப்பாவயும் திருப்பி வாங்கிக்கச் சொல்லு. நான் அவங்களுக்கு ஒதவ மாட்டேன்.

தேவி: ஏன்?

அனு: எனக்கு வலது கண்ணுல செவப்பு நெறம் செவப்பாத் தெரியல. அரக்குப் புடவைய எடுத்துப் போட்டா, பல தண்ணி தொவச்ச மாதிரி வெளுத்துத் தெரியுது. கண்ண அசைச்சா உள்ள வலிக்குது.

தேவி: எப்பலேருந்து?

அனு: மழை ஆரம்பிச்சதுலேருந்து. தூக்கம் இல்லாததுனு நெனச்சேன். இல்ல, அப்படி நெனைக்கல… உனக்கு எப்படி ஆரம்பிச்சிதுனு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் பொத்தி வெச்சிருந்தேன்.

தேவி: என்கிட்ட ஏன்டி சொல்லல?

அனு: உனக்கு நோவுனு சொன்ன அன்னிக்கு நீ அழல. அம்மா அழுதுச்சு, நான் அழுதேன். நீ இன்னா சொன்ன? “அனுவுக்கு வரலயே, அது போதும்”ன. அத ஒண்ணத்தான் புடிச்சிக்கினு நிக்கிற. அதயும் நான் வந்து புடுங்கவா?

தேவி: …திருகு வந்துடுச்சு. இந்தா, தாலியயும் குடு. நான் கழுத்துல போட்டுக்கறேன், தொலையாது.

அனு: நீ திட்டவே இல்லயே. கோவம் வரலயா உனக்கு?

தேவி: எனக்கு லேட்டாத்தான் கண்டுபுடிச்சாங்க. சீக்கிரம் பாத்தா மருந்துக்கு அடங்கும்னு டாக்டர் சொன்னாரு. போ.

அனு: இப்ப எதுக்குப் போவணும்? ஆராய்ச்சிக்குத்தான் நான் ஒதவ மாட்டேனே.

தேவி: ஆராய்ச்சிக்காரங்க டப்பா மட்டும்தான்டி கேட்டாங்க, ஸ்கேன் கேக்கவே இல்ல. அன்னிக்கு ஒரு நாளு உன் கடை வாசல்ல ஆட்டோவுல இருந்தேன். ஒரு கண்ண மூடிக்கினு, அப்புறம் இன்னொரு கண்ண மூடிக்கினு அந்த அரக்குப் புடவையவே திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு இருந்த… நேரா என் டாக்டர் கிட்டப் போயி, அவளப் பொய் சொல்லியாச்சும் கூட்டினு வரேன்னு அழுதுட்டு வந்தேன்.