விட்டுவிட்டுப் பார்த்த கை: டாக்டர் கிறிஸ்டினாவுக்கு ஸ்கேன் பிரிவு எழுதியது

ராயபுரத்தில் பிறந்து ராயபுரத்துக்கே மருத்துவம் பார்த்தவரும், திரையை நோயாளியின் பக்கம் திருப்பி வைப்பதைத் தம் வழக்கமாக்கிக்கொண்டவரும், எங்கள் ஸ்கேன் பிரிவின் தலைவியுமான, இன்று பணி ஓய்வு பெறும் டாக்டர் கிறிஸ்டினா அருள்பிரகாசம் அவர்களுக்கு, உங்களோடு அந்த இருட்டறையில் வேலை பார்த்த நாங்கள் அன்போடு வாசித்தளிக்கும் மடல் இது.

இத்தகைய மடல்களில் குணங்களைச் சற்றுக் கூட்டிச் சொல்வார்கள். உங்களுக்கு அது தேவைப்படவில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்து நிற்கும் காலைகளிலும் எங்களுக்கு முன்பே வந்திருப்பீர்கள். வெதுவெதுப்பாக்காத ஜெல்லை எவர் வயிற்றிலும் தடவ விடமாட்டீர்கள். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பீர்கள். துடைத்து முடிப்பதற்குள் நாங்கள் தவறைத் திருத்தியிருப்போம்.

ஈரலில் கட்டி என்ற ஒரு வரியைக் கையில் வைத்திருப்பவர்கள் புற்றுநோய் என்று முடிவு செய்துகொண்டுதான் நம்மிடம் வருகிறார்கள். அவர்களில் பலருக்கு இருப்பது ஒரு தீங்கும் செய்யாத கட்டி. கத்தி வைக்காமல், சதை எடுக்காமல் அதைக் கண்டு சொல்வதற்காக, நுண்குமிழி மருந்து செலுத்திச் செய்யும் ஸ்கேனை இங்கே கொண்டுவந்தவர் நீங்கள். கை நரம்பில் ஏற்றும் அந்த வாயுக் குமிழிகள் ரத்தத்தோடு ஈரலுக்குள் போய்த் திரையில் ஒளிரும். பிறகு மூச்சோடு வெளியேறிவிடும். கெட்ட கட்டியில் அந்த ஒளி பெரும்பாலும் வடிந்துவிடும். சாதுவான கட்டியில் நிலைத்து நிற்கும்.

மீன்பிடித் தடைக்காலத்தில்தான் கடலுக்குப் போகிறவர்கள் தங்கள் உடம்பைக் கவனிக்க வருவார்கள். அப்படி வந்தவர் லாஞ்சு ஓட்டும் எத்திராஜ். வேறோர் இடத்தில் அவருக்குப் புற்றாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். சிறுநீரகம் பலவீனமானதால் சாயம் ஏற்றி சி.டி. எடுக்க முடியவில்லை. தடை நீங்கியதும் சுக்கானை மைத்துனரிடம் கொடுத்துவிடுவதென்று முடிவு செய்தே அவர் படுக்கையில் ஏறினார். அவர் கதையை இங்கே சொல்லலாமா என்று கேட்டோம். "தாராளமா சொல்லு. அழுதேன்னு மட்டும் சொல்லாத" என்றார். ஆகவே அவர் அழவில்லை.

செவிலியர் ஷம்ஷாத் மருந்தை ஏற்றினார். கட்டியின் ஓரங்களில் பொட்டுப் பொட்டாக ஒளி தோன்றி உள்நோக்கி நிரம்பத் தொடங்கியது. ஸ்கேன் கருவியைப் பிடித்திருந்த கையை நீங்கள் எடுக்கப் போனீர்கள்.

"கைய எடுக்காத டாக்டர்மா. அது இன்னா பண்ணுதுன்னு நானும் பாத்துகினே இருக்கேன்."

"கம்முனு படுய்யா. லாஞ்சு இஞ்சினு பாக்குற மாரி பாத்துகினு" என்றார் அவர் மனைவி பவானி.

அவருக்காக நீங்கள் கையை அங்கேயே வைத்திருந்தீர்கள். சற்று நேரத்தில் கட்டி இருண்டது.

"லைட்டு அணைஞ்சிபூட்ச்சே" என்றார் எத்திராஜ்.

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். அன்றைய கோபம் உங்கள் மேல்தான். "தப்பு என்னுது. ஒரே எடத்துல விடாம ஸ்கேன் பண்ணா, அந்த அலையே குமிழிய ஒடைச்சிடும். நான்தான் ஒடைச்சிட்டேன். இப்ப பாத்தத வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுத்து மறுபடி பாக்கலாம்" என்றீர்கள்.

இரண்டாம் முறை மருந்து ஏற்றியதும் நீங்கள் விட்டுவிட்டுப் பார்த்தீர்கள். ஒரு கணம் வைப்பீர்கள், எடுத்துவிடுவீர்கள். கை விலகியிருந்த நேரமெல்லாம் எத்திராஜ் உங்கள் முகத்தையே பார்த்தார். ஒவ்வொரு முறை வைத்தபோதும் ஒளி இருந்தது. கடைசியாக வைத்தபோது கட்டி முழுவதும் நிரம்பி, அசையாமல் ஒளிர்ந்தது.

"ரத்தக்குழாய்க் கட்டி. அது பாட்டுக்கு இருக்கும். நீங்க உங்க வேலைய பாருங்க."

"அப்ப சுக்கான உன் மச்சான்கிட்ட குடுக்க வேணாம்" என்றார் பவானி. "அவன் ஓட்டுனா லாஞ்சு ஊரு சேராது."

அன்றுமுதல் மருந்து ஏற்றுமுன் ஒவ்வொருவரிடமும் ஒன்று சொல்லத் தொடங்கினீர்கள்: "நடுவுல கைய எடுப்பேன். பயப்படாதீங்க. விட்டுட்டுப் போகல." உங்கள் தவறிலிருந்து பிறந்த இந்த வாக்கியத்தை இனி நாங்கள் சொல்வோம். எத்திராஜ் இன்று கடலில் இருக்கிறார். பவானி மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் காலடியில் இருக்கும் கூடை உங்களுக்குத்தான்.

டாக்டர்மா, நாளை காலை அந்த அறையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்கள் உடல் நலமாக இருக்க வேண்டும். தூக்கம் நிறைவாக இருக்க வேண்டும். விடாமல் வந்து உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம். அவ்வப்போது வந்து எட்டிப் பார்ப்போம். நடுவில் காணவில்லையே என்று நினைக்காதீர்கள், விட்டுவிட்டுப் போகவில்லை. பார்க்கும் போதெல்லாம் உங்கள் முகத்தில் இதே ஒளி இருந்தால் போதும்.

என்றும் உங்கள்,
ஸ்கேன் பிரிவு ஊழியர்கள்
ராயபுரம்