கழற்றிய வடிகட்டியும் சித்தேரி பஸ்சும்

அரூரில் சித்தேரி பஸ் கிளம்பக் காத்திருந்தது. எனக்கு முன் சீட்டில் ஒரு பெண், காலடியில் உர மூட்டை. ஜன்னலுக்கு வெளியே பைக்கில் அவள் கணவர்.

“கழட்டுனத மாட்டுங்க. அதுவரைக்கும் அந்த வண்டியில நான் ஏற மாட்டேன்” என்றாள் அவள்.

“புகையை வடிகட்டற ஒரு சாமான், அதுக்குப் போயி இத்தன வீம்பா? அது இஞ்சின் கழுத்தப் புடிக்குதுடி. செஞ்சவனுக்கு நம்ம மலை தெரியுமா? என் வண்டி, என் வூட்டு வாசல், நானே கழட்டுனேன். எவன் கேப்பான்?”

“நான் கேப்பேன். கழட்டுன அன்னிக்குப் பின்னால உக்காந்து அந்த நாத்தத்தக் குடிச்சது நான்தானுங்க. வூடு போய்ச் சேர்றதுக்குள்ள மண்டை பொளந்துடுச்சு.”

“மலை மேல காத்துக்கா பஞ்சம்?”

“அதையும் நீங்க கெடுக்கோணுமா?”

பஸ்ஸில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலை உயர்த்தினார்.

“முன்னெல்லாம் ஒவ்வொரு வளைவுலயும் திணறுச்சு. கழட்டுன நாள்லருந்து குதிரையாட்டம் ஏறுது. இதுக்கு என்ன சொல்ற?”

கண்டக்டர் விசில் ஊதினார். அவள் மூட்டையைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

“ஏறாம என்னங்க பண்ணும்? கழட்டுன மறுநாள்லருந்து நானும் மூட்டையும் பஸ்லதான வர்றோம். அத மாட்டிட்டு இதே மாதிரி ஒத்தையா ஓட்டிப் பாருங்க, அப்பவும் ஏறும்.”