வலைப்பாட்டு எழுதினவர்

முல்லைத்தீவிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில் எனக்கு முன்னால் மீன் கடகப்பெட்டிகளோடு இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் தொடங்கினாள்.

"அக்கா, எங்கட ஆம்பிளையள் வலை இழுக்கேக்க பாடுற பாட்டை ஒரு ஐயா எழுதினவராம். றேடியோவில பேர் சொன்னவங்கள்."

"ஆர், மெஷின் கொண்டுவந்து எங்கட பாட்டைப் பதிஞ்சுகொண்டு போனவரோ?"

"ஓம். பாட்டுப் போடப் போட எழுதினவருக்குக் காசாம்."

"எழுதினவரோ! ஆர் எழுதினது எண்டு அவர் கேக்க, 'ஒருத்தரும் எழுதேல்லை, அந்தக் காலத்திலயிருந்து பாடுறம்' எண்டெல்லோ என்ர மனுசன் சொன்னவர்."

"அதுதான் தன்ர பேரைப் போட்டிட்டார்."

மூத்தவள் வெற்றிலையை வெளியே துப்பினாள்.

"எங்கட கரைவலையிலயும்தான் ஒருத்தற்ற பேரும் எழுதேல்லை. அதுவும் தன்ர எண்டு சொல்லிக்கொண்டு வரட்டும். ஒரு விடியக்காலமை இழுக்க விட்டுப் பாப்பம், என்ன பாட்டு வருதெண்டு."