டொக்டருக்குக் கொடுத்த விலை

ஒரு டொக்டரின் விலை ஓர் உயிர். மிளகு வியாபாரி எதற்கும் ஒரு விலை சொல்வான் என்று நீங்கள் சிரிப்பீர்கள், டொக்டர் நிரோஜா. சிரியுங்கள். கதவை மட்டும் சாத்திவிடுகிறேன். வெளியே மருந்துக்கு இன்னும் ஆட்கள் நிற்கிறார்கள்.

மட்டக்களப்புக்கு மாற்றம் கேட்டு எழுதியிருக்கிறீர்களாம். கேட்பது உங்கள் உரிமை. ஆனால் உங்களை இங்கே எப்படிக் கொண்டுவந்தோம் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

நாவுலயிலிருந்து இவ்வளவு உள்ளே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு டொக்டர் பிடிப்பது லேசான வியாபாரம் இல்லை. அபிவிருத்திச் சங்கத் தலைவர் என்ற பெயரில் எல்லாம் செய்து பார்த்தேன். குவார்ட்டர்ஸுக்குப் பெயின்ட் அடித்தேன், ஏசி பூட்டினேன். ஒருவர் வந்து வைஃபை எப்படி என்றார். மாமரத்தில் ஏறினால் நன்றாக இருக்கும் என்றேன். மூன்றாவது வாரம் ஏசி ரிமோட்டையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்தவர் இங்கே உட்கார்ந்து அவுஸ்திரேலியாப் பரீட்சைக்குப் படித்தார், பாஸும் பண்ணினார். அதன்பிறகு ஒன்றரை வருடம் யாருமில்லை. ஒரு நேர்ஸ், பூட்டிய வார்டு, பனடோல்.

மாத்தளையில் காரியாலயம் காரியாலயமாக ஏறி இறங்கினேன். அங்கே ஒரு கிளார்க், நல்ல மனுஷன், தேநீர் வாங்கித் தந்துவிட்டுச் சொன்னான்.

"ஸஹாப்தீன் ஹாஜியார், மனு குடுத்து வேலையில்ல. ஒரு சின்ன வயசுப் பொம்பள செத்து, டீவீல வரட்டும். மறுவாரமே ஆள் வரும்."

பகிடியாகத்தான் சொன்னான். ஆனால் நான் கடையில் பிறந்து கடையில் வளர்ந்தவன். யாராவது விலை சொன்னால் என் காதில் விழாமல் போகாது.

முதலில் குறைத்துக் கேட்டுப் பார்த்தேன். சுந்தரலிங்கம் மாஸ்டர் நெஞ்சுவலியில் போனபோது ஆஸ்பத்திரி வாசலில் கறுப்புக்கொடி கட்டினேன். எண்பது தாண்டியவர். பத்திரிகையில் நாலு வரி வந்தது, அதிலும் ஊர்ப்பெயர் பிழை. அந்த விலைக்குச் சரக்கு வராது என்று விளங்கியது. அதற்குப் பிறகு பொறுத்திருந்தேன். நானாக யாரையும் தேடிப் போகவில்லை. அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அனுஷியா, என் கடையில் மிளகு நிறுக்கிற விஜேந்திரனின் மனைவி. பாலர் பாடசாலை டீச்சர். ஊரில் தமிழ், சிங்களம், முஸ்லிம் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அவள் கையைப் பிடித்துத்தான் முதல் எழுத்து எழுதின. மிளகுக் கொடியடியில் அவளை விரியன் கடித்தது. விஜேந்திரன் அவளைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடிவந்தான். 1990 நம்பருக்கு அடித்து அம்பியூலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தான். அது வந்து சேருவதற்குள் என் வேன் மாத்தளைக்கே போய்விடும் என்றேன். போனைப் பைக்குள் போட்டான். என் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசிப் பழகாதவன்.

வேனைக் குறுக்குப் பாதையில் திருப்பினேன். அந்தப் பாதையில் ஓடைப் பாலம் முந்தின நாள் மழையில் உடைந்து இறங்கியிருந்தது. காலையில் என் லொறியே போஞ்சி மூட்டைகளோடு அங்கிருந்து திரும்பி வந்திருந்தது.

பின் சீட்டிலிருந்து அவள்தான் கேட்டாள். "முதலாளி, இந்தப் பக்கம் பாலம் ஒடஞ்சிருச்சுன்னு பிள்ளைங்க சொன்னாங்களே."

"இல்ல மகள், பலகை போட்டுட்டாங்க."

"அப்ப சரிங்க," என்றாள்.

பாலத்தடியில் இறங்கிப் பார்த்துத் தலையில் கை வைத்தேன். பிறகு வேனைத் திருப்பிப் பெரிய பாதைக்கு வந்தேன். அங்கிருந்து வேகமாகத்தான் ஓட்டினேன். அதில் குறை வைக்கவில்லை. அவள் ஈறில் கசிந்த இரத்தத்தை விஜேந்திரன் சாரத்தின் நுனியால் துடைத்துக்கொண்டே வந்தான். பெரியாஸ்பத்திரி வாசல் தெரிகிற இடத்தில் துடைப்பதை நிறுத்திவிட்டான்.

மறுநாள் அவள் மையத்தைப் பெட்டியோடு இந்த ஆஸ்பத்திரி கேட்டுக்கு முன்னால் வைத்தோம். பாலர் பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கமராக்கள் வந்தன. நான் பேசினேன், அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. கிளார்க் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த வாரம் நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கினீர்கள். உங்கள் பெட்டிகளைக் குவார்ட்டர்ஸுக்குத் தூக்கி வந்தவன் விஜேந்திரன்தான். திரும்பி வந்து என்னிடம் சொன்னான்: "அவ போனாலும் ஊருக்கு ஒரு டொக்டர் வந்துட்டாங்க முதலாளி." அவனுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்தேன்.

நீங்கள் பொலிஸுக்குப் போகலாம். பாலம் உடைந்தது எனக்குத் தெரியாது என்று அங்கே சொல்வேன், நம்புவார்கள். ஆனால் நீங்கள் போனால் குவார்ட்டர்ஸ் திரும்பவும் காலி. காரியாலயத்தில் விலை இன்னும் அதேதான். போன மாதம்கூட விசாரித்தேன். நுஹ்மானின் மகள் ஜெஸ்லாவுக்கு வயிற்றில் ஏழு மாதம். கிளினிக் கார்டில் நீங்கள்தான் எழுதினீர்கள். அவசரத்துக்கு என் வேன் இருக்கிறது என்று அவள் வாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

கணக்கு இதுதான். செலவு, அனுஷியா. வரவு, உங்களுடைய பதினான்கு மாதம். அதில் பிழைத்த பாம்புக்கடி நாலு, மாரடைப்பு ஒன்று, இழுப்போடு வந்த பிள்ளைகள் எத்தனையோ. வரவு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் நீங்கள் எழும்பிப் போனால், டொக்டர், இவ்வளவும் கொடுத்த எனக்குத்தான் நட்டம்.